புழுதி விதைப்பு நேரத்துல மக்கர் பண்ணும் டிராக்டர்... இன்ஜின் மாத்தின பிறகும் ஏன் ஸ்டார்ட் ஆகல?

புரட்டாசி பிறந்துட்டா அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கரிசல் காட்டுல ஒரே பேச்சுதான். மழை எப்போ? வடகிழக்குப் பருவமழை இறங்குறதுக்கு முன்னாடியே காட்டை உழுது, காய்ஞ்ச மண்ணுலயே விதையைப் போட்டு வெச்சிடுறது இங்கே வழக்கம். புழுதி விதைப்புன்னு சொல்வாங்க. மக்காச்சோளம், பருத்தி, உளுந்து எதுவானாலும் மழை விழுந்த பிறகு போட்டுக்கலாம்னு இருக்க முடியாது. நனைஞ்ச கரிசல் மண் சக்கரத்துல அப்பிக்கும், டிராக்டர் காட்டுக்குள்ள இறங்காது. ஆக, கையில இருக்கிறது சில நாள்கள். அந்த நாள்கள்ல சொந்த டிராக்டர் படுத்துட்டா, வாடகை டிராக்டருக்கு ஊரோட சேர்ந்து வரிசையில நிக்கணும்.

இந்த நேரத்துலதான் பல வீடுகள்ல ஒரு முடிவு எடுக்கிறாங்க. பழைய இன்ஜின்ல பிளாக் வெடிச்சிருக்கும், இல்லன்னா கிராங்க் போயிருக்கும். போர் பண்ணி, பிஸ்டன் மாத்தி, எல்லாம் முடிய ஆகிற செலவுக்கும் நாளுக்கும், ஓடுற நிலையில இருக்கிற பழைய இன்ஜின் ஒண்ணை வாங்கி மாட்டிடலாம்னு தோணும். நம்ம பக்கம் நிறைய ஓடுற மாஸி பெர்குசன் 1035 டிராக்டர்ல இருக்கிறது மூணு சிலிண்டர் சிம்சன் இன்ஜின். தமிழ்நாட்டுல இதுக்கு ஆளும் இருக்கு, சாமானும் இருக்கு. ஆனா கார்ல மாதிரி பானெட்டைத் தூக்கி இன்ஜினை வெளியே எடுக்கிற வேலை இல்லை இது. இந்த மாதிரி டிராக்டர்ல இன்ஜின்தான் முதுகெலும்பே. முன் அச்சு ஒரு பக்கம், கிளட்ச் ஹவுசிங் இன்னொரு பக்கம் அதுலதான் போல்ட் ஆகியிருக்கும். வண்டியை ரெண்டா பிளந்துதான் இன்ஜினை மாத்தணும்.

ரெண்டு மூணு நாள் வேலை முடிஞ்சு, சாவியைத் திருகினா 'கர்ர்ர்... கர்ர்ர்...'னு சுத்துது. பிடிக்க மாட்டேங்குது. உடனே வீட்டுல வர்ற முதல் வார்த்தை, "ஏமாத்திட்டான், டுபாக்கூர் இன்ஜினைத் தலையில கட்டிட்டான்." அப்படி முடிவு கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணை யோசிங்க. பார்த்து, ஓட்டிக் காமிச்சு வாங்கின இன்ஜின் லாரியில வர்ற வழியில செத்துப்போறதில்லை. மாறினது என்ன? டீசல் பைப்பைக் கழட்டி மாட்டினோம், ஒயரைக் கழட்டி மாட்டினோம், கேபிளைக் கழட்டி மாட்டினோம். பெரும்பாலும் தப்பு அந்தக் கழட்டி மாட்டின இடத்துலதான் உட்கார்ந்திருக்கும். அதைத் தேடுறதுக்கு ஒரு வரிசை இருக்கு. இன்ஜினைத் திரும்ப இறக்கிறது அந்த வரிசையோட கடைசியில வர்ற விஷயம்.

தீப்பொறியே இல்லாத இன்ஜின்

பைக் ஸ்டார்ட் ஆகலன்னா ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டிப் பார்ப்போம். டீசல்ல அந்த ப்ளக்கே கிடையாது. சைக்கிள் டயருக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கம் சுடும், கவனிச்சிருப்பீங்க. காத்தை அமுக்கினா சூடாகும். அதே வேலையைத்தான் டீசல் இன்ஜின் முரட்டுத்தனமா செய்யுது. உள்ளே இழுத்த காத்தை 16, 18-ல ஒரு பங்கா அமுக்கும்போது அதோட சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டுல டீசலைப் புகை மாதிரி பீய்ச்சினா தானா பத்திக்கும்.

இதைக் கண்டுபிடிச்ச ருடால்ஃப் டீசலுக்கே ஸ்டார்ட்டிங் ட்ரபிள் இருந்துச்சுங்கிறது தனிக் கதை. ஜெர்மனியோட ஆக்ஸ்பர்க் நகரத்துல 1893 ஆகஸ்ட்ல முதல் சோதனை நடந்தப்போ, இன்ஜின் மேல பொருத்தியிருந்த அழுத்தம் அளக்கிற கருவி வெடிச்சுச் சிதறிடுச்சு. நம்பி ஓட்டுற மாதிரி ஒரு இன்ஜினை அவர் நிரூபிச்சுக் காட்ட 1897 பிப்ரவரி ஆயிடுச்சு. உங்க மெக்கானிக்குக்கு ரெண்டு நாள் கூட ஆகுதுன்னா கொஞ்சம் பொறுத்துக்கலாம்!

ஆக டீசல் இன்ஜின் பிடிக்கணும்னா மூணு விஷயம் போதும். வேகமா சுத்தணும், காத்தை ஒழுங்கா அமுக்கணும், சரியான நொடியில டீசல் உள்ளே போகணும். இந்த மூணுல எது இல்லைன்னு சைலன்சரே சொல்லிடும். ஒருத்தர் செல்ஃப் அடிக்க, இன்னொருத்தர் புகைக்குழாயைப் பார்க்கட்டும். புகையே வரலன்னா சிலிண்டருக்கு டீசல் போகலன்னு அர்த்தம். வெள்ளையா, கண் எரியிற மாதிரி வந்தா டீசல் போகுது, ஆனா எரியல. அப்போ சந்தேகப்பட வேண்டியது சுத்துற வேகம், டைமிங், கம்ப்ரஷன். கறுப்பா வந்தா டீசலுக்கு ஏத்த காத்து வரல. ஏர் ஃபில்டர் குழாய்க்குள்ள வேலை பார்த்த துணி மாட்டியிருக்கான்னு பாருங்க. இன்ஜின் இறக்கும்போது தூசி போகாம இருக்க அடைச்ச துணி அங்கேயே மறந்துபோறது அடிக்கடி நடக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஒரே மூச்சுல செல்ஃப் அடிக்காதீங்க. 10, 15 நொடி அடிச்சா ஒண்ணு ரெண்டு நிமிஷம் விடணும். இல்லன்னா இன்ஜின் கோளாறோட செல்ஃப் மோட்டார் செலவும் சேர்ந்துக்கும்.

ஏர் புடிச்சிருக்கு!

புகையே வரலையா? பத்துக்கு எட்டு மெக்கானிக்குங்க முதல்ல சொல்றது இதைத்தான். சரியாவும் இருக்கும். நாசில்னு நாம சொல்ற இன்ஜெக்டர் திறக்கவே சுமார் 200 பார் அழுத்தம் வேணும். கார் டயர்ல இருக்கிறது ரெண்டே கால் பார்தான். அப்போ டயரை விடக் கிட்டத்தட்ட 90 மடங்கு. டீசல் திரவம், அமுக்கினா சுருங்காது. பம்ப் தள்ளின அழுத்தம் அப்படியே நாசில் வரைக்கும் போய் அதைத் திறக்கும். பைப்புக்குள்ள காத்து இருந்தா ஸ்பாஞ்ச் மாதிரி அது அமுங்கி அமுங்கி விரியும், நாசில் திறக்கவே திறக்காது. இன்ஜின் மாத்தும்போது மொத்த பைப்பும் காலியாகிடுதே, காத்து இல்லாம என்ன செய்யும்?

ஏர் எடுக்கிறது டேங்க்ல இருந்து நாசிலை நோக்கி, வரிசையா போகணும். முதல்ல டேங்க் டேப் திறந்திருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, இதுக்காகவே அரை நாள் போனவங்க உண்டு. அடுத்து டீசல் ஃபில்டர் தலையில இருக்கிற ஏர் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, ஃபீட் பம்ப்ல இருக்கிற கை லீவரை அமுக்கிட்டே இருங்க. நுரை வரும், அப்புறம் குமிழி வரும், கடைசியா சுத்தமான டீசல் ஒழுகும். ஒழுகும்போதே ஸ்க்ரூவை டைட் பண்ணணும். பிறகு இன்ஜெக்‌ஷன் பம்ப்ல இருக்கிற ஏர் ஸ்க்ரூவுக்கும் அதே வேலை. கடைசியில நாசில் பக்கத்து பைப் நட்டை லேசா, ஒரு சுத்து மட்டும் லூஸ் பண்ணி, ஆக்சிலரேட்டரை முழுசா வெச்சு செல்ஃப் அடிங்க. நட்டுல டீசல் துள்ளித் துள்ளி வந்ததும் டைட் பண்ணுங்க. மூணு சிலிண்டர்ல ரெண்டு சரியானாலே இன்ஜின் தட்டுத் தடுமாறிப் பிடிச்சிடும்.

கை லீவரை அமுக்கினா வெறுமனே ஆடுதா, டீசலே வரலையா? பம்ப் போச்சுன்னு நினைச்சுடாதீங்க. ஃபீட் பம்பை ஓட்டுற கேம் மேடு சரியா அதோட கையைத் தூக்கிப் பிடிச்ச நிலையில இன்ஜின் நின்னிருக்கும். அப்போ கை லீவருக்கு வேலை செய்ய இடமே இருக்காது. இன்ஜினை ஒரு சுத்து சுத்திவிட்டு அமுக்கிப் பாருங்க. பாதி ஃபீட் பம்புங்க இப்படித்தான் அநியாயமா மாத்தப்படுது.

எவ்வளவு எடுத்தாலும் ஏர் திரும்பத் திரும்ப வருதுன்னா, பம்புக்கு முன்னாடி இருக்கிற பைப்புல எங்கயோ உறிஞ்சுது. இந்தப் பக்கம் இழுக்கிற பக்கம். அதனால இங்கே ஓட்டை இருந்தா டீசல் வெளியே சொட்டாது, காத்துதான் உள்ளே போகும். கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய செப்பு வாஷரைத் திரும்பப் போட்டது, விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், சரியா உட்காராத ஃபில்டர் வாஷர், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். கண்டுபிடிக்க எளிமையான வழி, ஆஸ்பத்திரி ட்ரிப்ஸ் மாதிரி ஒரு ஏற்பாடு. சுத்தமான கேன்ல டீசலை ஊத்தி இன்ஜினை விட உயரத்துல கட்டித் தொங்கவிடுங்க. அதுல இருந்து ஒரு கண்ணாடி மாதிரியான டியூபை நேரா ஃபில்டருக்குக் கொடுங்க. இப்போ வண்டி பிடிச்சா, கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவுலதான். பிடிக்கலன்னா அந்தப் பக்கத்தை மறந்துடலாம். டியூபுக்குள்ள குமிழி ஓடுதான்னும் தெரியும்.

இதுல ரெண்டு விஷயத்துல விளையாடக் கூடாது. லூஸ் பண்ணின நட்டுல இருந்து வர்ற டீசலைக் கையை வெச்சுத் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்துல மெல்லிசா பீய்ச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஆனா வலி இல்லன்னாலும் உடனே ஆஸ்பத்திரிதான். இன்னொண்ணு, நம்ம ஊர் புழுதி. பம்புக்குள்ளயும் நாசிலுக்குள்ளயும் உரசுற பாகங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான். தலைமுடியோட தடிமன்ல இருபதுல ஒரு பங்குகூட இல்லை. கரிசல் காட்டு ஓரத்துல, காத்து அடிக்கிற நேரத்துல பைப்பைத் திறந்து போட்டு டீ குடிக்கப் போனா, திரும்பி வரும்போது பிரச்னை ஒண்ணு ரெண்டாகியிருக்கும். கழட்டின ஒவ்வொரு வாயையும் மூடி வைங்க. வீட்டுல கேன்ல வாங்கி வெச்ச டீசலோட அடியில தண்ணியும் தூசியும் தங்கியிருக்கும். அதைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்க்காதீங்க.

'ஸ்டாப்'லயே நிக்குதா?

ஏர் எல்லாம் எடுத்தாச்சு, பம்ப் வரைக்கும் டீசல் வருது, நாசில் பக்கம் வரல. அப்போ ஸ்டாப் கேபிளைப் பாருங்க. டீசல் இன்ஜினை அணைக்கிறது கரன்ட்டை நிறுத்தி இல்லை, டீசலை நிறுத்தி. பழைய டிராக்டர்ல அதுக்கு ஒரு கேபிள் இருக்கும், இழுத்தா அணையும். வேற வண்டியில இருந்து வந்த இன்ஜின்ல கேபிள் பிடிக்கிற கிளாம்ப் அரை இன்ச் தள்ளி இருந்தாலே போதும், லீவர் எப்பவும் பாதி ஸ்டாப்ல நிக்கும். கேபிளைக் கழட்டிட்டு லீவரைக் கையால ஓடுற பக்கம் தள்ளி செல்ஃப் அடிச்சா தெரிஞ்சிடும். ஜீப், வேன் இன்ஜின்கள்ல கேபிளுக்குப் பதிலா பம்ப் மேல ஒரு சோலனாய்டு இருக்கும். சாவி போட்டதும் 'டிக்'னு ஒரு சத்தம் வரணும். வரலன்னா அதுக்கு வர வேண்டிய 12 வோல்ட் ஒயரை யாரோ மாட்ட மறந்திருக்காங்க.

ரொம்ப நாள் சும்மா கிடந்த இன்ஜின்னா இன்னொரு சாத்தியமும் உண்டு. பழைய டீசல் கெட்டியாகி பிசின் மாதிரி ஆகி, பம்புக்குள்ள டீசல் அளவைக் கட்டுப்படுத்துற வால்வு ஒட்டிக்கும். இதை வீட்டுல நோண்டக் கூடாது, டீசல் பம்ப் சர்வீஸ் கடை வேலை. இன்ஜினை மாட்டுறதுக்கு முன்னாடியே பம்பையும் நாசிலையும் கழட்டி அங்கே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டா இந்தத் தலைவலியே கிடையாது. மாட்டின பிறகு யோசிச்சு என்ன பண்ண?

பளபள பெயின்ட், செத்துப்போன எர்த்

வெள்ளைப் புகை வருது, ஆனா பிடிக்கல, செல்ஃப் சோம்பலா சுத்துதுன்னா பேட்டரியைத் திட்டுவோம். சார்ஜ் போட்டு வந்தாலும் அதே கதைதான். மெதுவா சுத்தினா காத்து அமுங்குறதுக்குள்ள சூடு சிலிண்டர் சுவருக்கே போயிடும், பிஸ்டன் ரிங் ஓரமாவும் காத்து நழுவிடும். டீசல் பத்திக்கிற சூடு வராது. பழைய இன்ஜின் விக்கிறவங்க பார்வைக்கு நல்லா இருக்கணும்னு முழுசா பெயின்ட் அடிச்சுத் தருவாங்க. எர்த் ஒயரை அந்த பெயின்ட் மேலயே போல்ட் பண்ணினா கரன்ட் எப்படி ஓடும்? எர்த் உட்கார்ற இடத்தை இரும்பு பளிச்னு தெரியிற மாதிரி சுரண்டணும்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும், சில நூறு ரூபாய்தான். ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை இன்ஜின் பிளாக்லயும் வெச்சு செல்ஃப் அடிங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்லை. பேட்டரியோட ரெண்டு முனையில வெச்சு அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா பேட்டரியே பலவீனம். மீட்டர் இல்லையா, ஜம்பர் கேபிளை பேட்டரி மைனஸ்ல இருந்து நேரா இன்ஜின்ல பிடிச்சுப் பாருங்க. சட்டுனு வேகமா சுத்தினா விடை கிடைச்சாச்சு.

ஹீட்டர் ப்ளக் போயிருக்கும்னு யாராவது சொன்னா, எந்த இன்ஜின்னு கேளுங்க. இப்போதைய டிராக்டர் இன்ஜின்கள் நேரா சிலிண்டருக்குள்ள டீசலைப் பீய்ச்சுற ரகம். அருப்புக்கோட்டை வெயிலுக்கு அதுங்களுக்கு ஹீட்டரே தேவைப்படாது. பழைய மஹிந்திரா ஜீப்புல இருந்த பீஜோ இன்ஜின், பஜாஜ் டெம்போ மேட்டடார் இன்ஜின் ரெண்டும் வேற ரகம். தனியா ஒரு சின்ன அறையில டீசலைப் பத்த வைக்கும். அதுக்கு இங்கேயும் ஹீட்டர் வேணும். ஒரு காலத்துல பெட்ரோல் அம்பாசிடர்ல மேட்டடார் இன்ஜினை ஏத்தி ஓட்டினவங்களைக் கேட்டா காலையில சாவியைத் திருகிட்டுக் காத்திருந்த கதையைச் சொல்வாங்க.

ஒரு சுத்து தப்பினா...

எர்த் சரி, வேகமா சுத்துது, டீசல் வருது, வெள்ளைப் புகை மட்டும் மேகம் மாதிரி. இது டைமிங். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. அதனால முதல் பிஸ்டன் உச்சிக்கு ரெண்டு தடவை வரும். ஒரு தடவை காத்தை அமுக்கிட்டு, இன்னொரு தடவை புகையைத் தள்ளிட்டு. பம்பைக் கழட்டி மாட்டும்போது ரெண்டாவது உச்சியைப் பார்த்து மாட்டிட்டா, எல்லா மார்க்கும் சரியா தெரியும், ஆனா புகை தள்ளுற நேரத்துல டீசல் போகும். ஜென்மத்துக்கும் பிடிக்காது. முதல் சிலிண்டரோட ரெண்டு வால்வும் மூடி, டேப்பட் ரெண்டும் லேசா ஆடணும். அதுதான் சரியான உச்சி. நாசில் பைப் மாறியிருக்கான்னும் பாருங்க. மூணு சிலிண்டர் சிம்சன்ல வரிசை 1-2-3, நாலு சிலிண்டர்ல பெரும்பாலும் 1-3-4-2.

இதெல்லாம் சரியா இருந்தும் பிடிக்கலன்னாதான் கம்ப்ரஷன் டெஸ்ட். அப்போதான் விக்கிறவர்கிட்ட சண்டைக்குப் போகலாம்.

ஏர் இன்டேக்ல ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கிறது, பெட்ரோல் நனைச்ச துணியைப் பிடிக்கிறது எல்லாம் ஊர் ஊரா நடக்குது. என்னைக் கேட்டா, புதுசா மாட்டின இன்ஜின்ல இது வேண்டவே வேண்டாம். அது கண்ட நேரத்துல பத்திக்கும், பிஸ்டன் ரிங் உடையலாம். ஹீட்டர் இருக்கிற இன்ஜின்ல முகத்துலயே வெடிக்கலாம். மேட்டுல நிறுத்தித் தள்ளி விடுறதும் முதல் ஸ்டார்ட்டுக்கு ஆகாது. டைமிங் சரியான்னே தெரியாம, ஆயில் மேலே ஏறாம, மொத்த வண்டி எடையையும் இன்ஜின் மேல போடுற வேலை அது.

பிடிக்கிற அந்த நிமிஷம்

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஸ்டாப்பை இழுத்துப் பிடிச்சுட்டு, விட்டு விட்டு செல்ஃப் அடிங்க. டீசல் போகாது, ஆயில் மட்டும் பேரிங் வரைக்கும் ஏறும். ஆயில் மீட்டர் முள் எழும்பினதும் ஸ்டாப்பை விடுங்க. பக்கத்துல ஒரு தட்டையான பலகைத் துண்டு தயாரா இருக்கட்டும். பம்ப் லீவர் முழுசா திறந்த நிலையில மாட்டியிருந்தா இன்ஜின் பிடிச்ச வேகத்துல கட்டுப்பாடு இல்லாம அலற ஆரம்பிக்கும், சாவியைத் திருப்பினா நிக்காது. அப்போ ஏர் இன்டேக் வாயைப் பலகையால அடைச்சாதான் அணையும். கையாலயோ துணியாலயோ அடைக்கப் போகாதீங்க, உள்ளே இழுத்துடும்.

இதுவரைக்கும் சொன்னது மெக்கானிக்கல் பம்ப் இருக்கிற இன்ஜினுக்கு. புது பிக்-அப் வண்டிகள்ல இருக்கிற காமன் ரெயில் டீசல்ல நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுக்கவே கூடாது. ஓடும்போது அங்கே ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தம். அதுல இன்ஜினை மாத்தினா கம்ப்யூட்டர், சாவியோட ரகசியக் குறி, கிராங்க் சென்சார் எல்லாம் ஒத்துப்போகணும். ஸ்கேனர் இருக்கிற ஆள்கிட்டதான் போகணும்.

வண்டி ஓட ஆரம்பிச்சதும் காட்டுக்கு ஓட்டிடாதீங்க. அரை மணி நேரம் வெறுமனே ஓடட்டும். ரேடியேட்டர்ல உள்ளே நின்ன காத்து வெளியேறி தண்ணி மட்டம் இறங்கும், பார்த்து ஊத்துங்க. பைப் நட்டுகளைச் சுத்தித் துடைச்சு, மறுபடி ஈரம் கசியுதான்னு பாருங்க. அப்புறம் ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில இதை உறுதி பண்ணிடுச்சு. அதே கம்பெனி, அதே ரக இன்ஜினை மாட்டினாலும் ஆர்.டி.ஓ ஆபீஸ்ல சொல்லி, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி-யில ஏத்தணும். அதுக்கு இன்ஜின் வாங்கின பில் கேட்பாங்க. நம்பரைத் தேய்ச்ச இன்ஜினை எவ்வளவு சல்லிசா கொடுத்தாலும் தொடாதீங்க. திருட்டு வண்டியோட இன்ஜினா இருந்தா போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையப் போறது நீங்கதான். நம்பர் மாத்தாம ஓட்டி ஒரு விபத்து நடந்தா, இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல்ல பிடிக்கிறதும் அந்த நம்பரைத்தான்.